கிட்டத்தட்ட சரியாக இருந்தால் போதுமா?

வீடியோ கேம் உலகத்துக்கு ஏஐ இப்போதுதான் வந்திருக்கிறது என்று யாராவது சொன்னால், அவரை உட்காரவைத்து ஒரு டீ சொல்லிவிட்டு, 1980-இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட பேக்-மேனிலிருந்து கதையைத் தொடங்க வேண்டும். அந்த மஞ்சள் வட்டத்தைத் துரத்தும் நான்கு பேய்களுக்கும் அன்றே ஆளுக்கொரு குணம் உண்டு. சிவப்புப் பேய் நீங்கள் நிற்கும் கட்டத்தையே குறிவைத்து வரும். இளஞ்சிவப்புப் பேய் நீங்கள் போகும் திசையில் நான்கு கட்டம் முன்னால் போய் மடக்கப் பார்க்கும். நீலப் பேயின் கணக்கில் சிவப்புப் பேய் எங்கே நிற்கிறது என்பதும் சேரும். ஆரஞ்சுப் பேய்தான் வேடிக்கை: எட்டுக் கட்டத்துக்கு அப்பால் இருக்கும்வரை துரத்திக்கொண்டே வரும், அதைவிட நெருங்கிவிட்டால் தன் மூலையைப் பார்த்துத் திரும்பிவிடும். நாலு பேரும் கூடிப் பேசி வளைக்கிறார்கள் என்று நமக்குத் தோன்றும். உள்ளே இருப்பவை மனிதர்கள் எழுதிவைத்த சில விதிகள். எந்தப் பேய் ஏன் இந்தப் பக்கம் திரும்பியது என்று கேட்டால், விதியைக் காட்டிப் பதில் சொல்லிவிடலாம்.

இப்படி எழுதிவைத்த விதிகளைத்தான் கேம் செய்பவர்கள் பல்லாண்டுகளாக ஏஐ என்று சொல்லிவந்தார்கள். அதற்கு ஒரு தனி இலக்கணமும் உண்டு. செஸ் ஆடும் கணினி ஜெயிக்கப் பார்க்கும். கேமில் வரும் எதிரியோ ஆடுபவர் ரசிக்கும்படி தோற்க வேண்டும். குறி தப்பாமல் சுடும் எதிரியைச் செய்வது புரோகிராமருக்குச் சுலபம்தான். ஆனால் அந்த கேமை இரண்டாவது நாள் யாரும் தொடமாட்டார்கள்.

இப்போது வந்திருப்பது வேறு ரகம். இதில் விதியை யாரும் எழுதுவதில்லை. ஏராளமான படங்களையோ, உரையாடல்களையோ, ஆட்டப் பதிவுகளையோ கொடுத்து ஒரு மாடலைப் பழக்குகிறார்கள். அடுத்து என்ன வரும் என்று அது ஊகித்துச் சொல்கிறது. ஊகம் பெரும்பாலும் சரியாக இருக்கும். சில நேரம் தப்பும். ஏன் தப்பியது என்று கேட்டால், இதோ என்று காட்ட ஒரு வரிகூட இருக்காது. ஆகவே இந்தத் தொழிலில் ஏஐ எங்கே சுலபமாகப் புகும், எங்கே திணறும் என்று புரிந்துகொள்ள ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் போதும்: இந்த வேலை கிட்டத்தட்ட சரியாக இருந்தால் போதுமா, அல்லது ஒவ்வொரு முறையும் அச்சுப் பிசகாமல் இருக்க வேண்டுமா?

முதலில் திரையைப் பாருங்கள். ஒரு 4கே திரையில் சுமார் 83 லட்சம் பிக்சல்கள் உண்டு. ஒளி எங்கே பட்டு எங்கே தெறிக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போட்டால் கிராபிக்ஸ் கார்டுக்கு மூச்சு வாங்கும். என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் நுட்பத்தில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ அமைப்பைத் தேர்ந்தெடுத்தால், கார்டு சுமார் 21 லட்சம் பிக்சல்களை மட்டும் கணக்கிட்டு வரையும். மிச்சத்தைப் பழகிய மாடல் ஊகித்து நிரப்பும். அதாவது நாலில் ஒரு பங்குதான் நிஜக் கணக்கு. 2025 ஜனவரியில் அறிவித்த நான்காவது பதிப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. கார்டு ஒரு ஃப்ரேம் வரைந்தால், மாடல் மேலும் மூன்று ஃப்ரேம்கள் வரை தானே செய்து கொடுக்கும். நாலில் ஒன்று, அதிலும் நாலில் ஒன்று என்று பெருக்கிப் பாருங்கள். திரையில் தெரியும் பதினாறு பிக்சலில் பதினைந்து ஊகம். ஒரு புல் நுனி லேசாகக் கலங்கினால் யாருக்கும் நஷ்டமில்லை என்பதால் இந்த வேலை சத்தமில்லாமல் ஏஐ கைக்குப் போய்விட்டது. ஆனால் இதே இடத்தில் அதன் எல்லையும் தெரிகிறது. இடையில் செருகிய ஃப்ரேம்கள் உங்கள் பட்டன் அழுத்தலைக் கேட்டு உருவானவை அல்ல. படம் வழுக்கிக்கொண்டு ஓடும், கைக்குக் கிடைக்கும் பதில் மட்டும் அதே வேகத்தில் நிற்கும்.

அடுத்து, சோதனை வேலை. கேண்டி க்ரஷ் சாகாவில் ஆயிரக்கணக்கான லெவல்கள் உண்டு. புதியவை வந்துகொண்டே இருக்கின்றன. ரொம்பக் கடினமாக இருந்தால் ஆடுபவர் வெறுத்துப்போவார், ரொம்பச் சுலபமென்றால் சலித்துப்போவார். அதை உருவாக்கிய கிங் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட கட்டுரையில் தாங்கள் செய்ததை விளக்கியிருக்கிறார்கள். பலகையில் மிட்டாய்கள் இப்படி இருக்கும்போது மனிதர்கள் எதை நகர்த்துகிறார்கள் என்று உண்மையான ஆட்டப் பதிவுகளைக் காட்டி ஒரு மாடலைப் பழக்கினார்கள். மிகச் சிறந்த நகர்த்தலை அது தேடுவதில்லை. சராசரி ஆள் எதைச் செய்வாரோ அதைச் செய்யும். புது லெவலை அதனிடம் கொடுத்துத் திரும்பத் திரும்ப ஆடவிட்டால், மனிதர்களில் எத்தனை பேர் தேறுவார்கள் என்று முன்கூட்டியே கணித்துவிடலாம். வடிவமைப்பாளர் அதைப் பார்த்து நகர்த்தல்களைக் கூட்டிக் குறைத்துக்கொள்வார். இங்கேயும் தேவை ஒரு மதிப்பீடு மட்டுமே, அது கிட்டத்தட்ட சரியாக இருந்தால் போதும்.

பிறகு, பேச்சு. பெரிய கேம் ஒன்றில் தெருவில் போகிறவர், காவல் நிற்பவர், கடைக்காரர் எல்லோரும் ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். “யாரங்கே?”, “ஏதோ சத்தம் கேட்டதே!”, “எலியாகத்தான் இருக்கும்” என்று ஒரே காவலாளிக்கே இருபது விதமாக எழுதினால்தான் ஆடுபவர் காது புளிக்காது. யூபிசாஃப்ட் 2023 மார்ச்சில் அறிவித்த கோஸ்ட்ரைட்டர் என்ற கருவி இந்த வரிகளுக்கு முதல் வரைவு போட்டுக் கொடுக்கும். எழுத்தாளர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார், திருத்துவார், மீதியைத் தள்ளுவார். கதையின் முதுகெலும்பை எழுத்தாளர்களே எழுதுகிறார்கள்.

சரி, ஒரு முழு கேமையே ஏஐ நடத்த முடியாதா? கூகுள் ஆய்வாளர்கள் 2024 ஆகஸ்டில் கேம்என்ஜென் என்ற பெயரில் இதைத்தான் செய்து பார்த்தார்கள். 1993-இல் வந்த டூம் என்ற கேமை முதலில் ஒரு ஏஐ ஆடிப் பழகியது; அந்த ஆட்டங்களின் படங்களும், எந்த நேரத்தில் எந்த விசை அழுத்தப்பட்டது என்ற விவரமும் இன்னொரு மாடலுக்குப் பாடமாயின. அதன்பின் டூமின் மூல நிரல் இல்லாமலே, முந்தைய படங்களையும் நீங்கள் அழுத்தும் விசையையும் மட்டும் வைத்து அடுத்த படத்தை அந்த மாடல் வரைந்தது, நொடிக்கு 20 படங்கள் வீதம். சில நொடித் துண்டுகளைக் காட்டி எது நிஜ டூம் என்று கேட்டபோது, பார்த்தவர்களால் குருட்டு ஊகத்தைவிடச் சற்றுத்தான் கூடுதலாகச் சொல்ல முடிந்தது.

அசர வைக்கும் வித்தைதான். ஆனால் அந்த மாடலுக்கு நினைவு மூன்று நொடிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவே. நூறு முறை பார்த்த படத்தைக் காட்சி காட்சியாகச் சொல்லிக்கொண்டே வரும் ஒருவர், சற்று முன் சொன்ன காட்சியை மட்டும் மறந்துவிடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை குண்டு மிச்சம் என்ற எண் திரையின் அடியில் எப்போதும் தெரிவதால் அது தப்பிப் பிழைக்கிறது. முதுகுக்குப் பின்னால் கொன்றுபோட்ட அரக்கன் திரும்பிப் பார்க்கும்போதும் செத்தே கிடப்பான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

நிஜ டூம் எப்படி என்றால், அதில் ஆட்டத்தைப் பதிவு செய்யும்போது படம் எதுவும் சேமிக்கப்படுவதில்லை. எந்தக் கணத்தில் என்ன அழுத்தினீர்கள் என்பது மட்டும்தான் கோப்பில் இருக்கும். அதைத் திரும்ப ஓட்டினால் ஒவ்வொரு குண்டும் அன்று பட்ட இடத்திலேயே படும். தற்செயல் என்று நமக்குத் தோன்றுவதுகூட, 256 எண்கள் கொண்ட ஒரு மாறாத பட்டியலிலிருந்து வரிசையாக எடுத்தது. தோற்றவர் மறுபடி முயன்று தேறுகிறார் என்றால், அந்த உலகம் சொன்ன சொல் தவறாமல் இருப்பதால்தான். 2025 ஆகஸ்டில் கூகுள் டீப்மைண்ட் காட்டிய ஜீனி 3 என்ற மாடல் சில நிமிடங்கள்வரை ஒரு உலகத்தைக் கலையாமல் வைத்திருந்தது. வளர்ச்சி வேகமானது, ஆனாலும் நாற்பது மணி நேரம் ஆடும் கதைக்கு இது வெகு தொலைவு.

ஊகத்தை நேரடியாக ஆடுபவர் கையில் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2025 மே மாதம் ஃபோர்ட்நைட் என்ற கேமில் ஒரு காட்சி அரங்கேறியது. மறைந்த நடிகர் ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸின் குரலில், அவர் குடும்பத்தின் சம்மதத்தோடு, ஆடுபவர்களுடன் ஏஐ மூலம் உரையாடும் டார்த் வேடர் என்ற திரைப்பட வில்லனை, அந்த கேமை நடத்தும் எபிக் கேம்ஸ் இறக்கியது. சில மணி நேரத்தில் ஆடுபவர்கள் வேடர் வாயிலிருந்து கெட்ட வார்த்தைகளை வரவழைத்துவிட்டார்கள். நிறுவனம் அவசரமாக அடைப்பு போட்டது. நடிகர் சங்கமான சாக்-ஆஃப்ட்ரா, தங்களோடு பேசாமல் நடிகர்களின் வேலையை ஏஐக்குக் கொடுத்ததாகப் புகார் செய்தது. அந்தச் சங்கத்தின் வீடியோ கேம் கலைஞர்கள் 2024 ஜூலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் அப்போது நடந்துகொண்டிருந்தது. குரலையோ உடல் அசைவையோ நகலெடுத்தால் சம்மதமும் ஊதியமும் வேண்டும் என்பதே அதன் மையக் கோரிக்கை. 2025 ஜூலையில் அதற்கான பாதுகாப்புகளோடு ஒப்பந்தம் நிறைவேறியது.

ஆடுபவர்களும் சும்மா இல்லை. கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீம் 2024 ஜனவரி முதல், கேமில் ஏஐ உருவாக்கியவை இருந்தால் அதைப் பக்கத்தில் தெரிவிக்கச் சொல்கிறது. பிரெஞ்சு கேமான கிளேர் அப்ஸ்கர்: எக்ஸ்பெடிஷன் 33-இல் தற்காலிகமாக வைத்த சில ஏஐ படங்கள் வெளியீட்டின்போது தவறி உள்ளேயே இருந்துவிட்டன; சில நாளில் நீக்கியும் விட்டார்கள். இருந்தும் 2025 டிசம்பரில் இண்டி கேம் அவார்ட்ஸ் அதற்குக் கொடுத்த விருதுகளைத் திரும்பப் பெற்றது.

என் கவலை வேறு இடத்தில். மேலே சொன்ன வேலைகளை வரிசையாக அடுக்கிப் பாருங்கள்: லெவலைச் சோதிப்பது, காவலாளிக்கு வரி எழுதுவது, தற்காலிகப் படம் வரைவது. கிட்டத்தட்ட சரியாக இருந்தால் போதும் என்கிற இந்த வேலைகள் வழியாகத்தான் புதியவர்கள் தொழிலுக்குள் வருகிறார்கள். கிங் நிறுவனத்திலேயே, தாங்கள் உருவாக்கிய கருவிகள் தங்கள் இடத்தைப் பிடிப்பதாக ஊழியர்கள் சொன்னதாக 2025 ஜூலையில் செய்தி வந்தது. ஏஐ கொடுக்கும் பத்து வரிகளில் எட்டைத் தயங்காமல் அடிக்கத் தெரிந்தவர், ஒரு காலத்தில் அதே மாதிரி நூறு வரி எழுதி மூத்தவரிடம் திட்டு வாங்கியவராகத்தான் இருப்பார். கருவிக்குப் பணம் ஒதுக்கும் ஸ்டுடியோ, அந்த நூறு வரியை எழுதிப் பழக ஒரு புது ஆளுக்கும் சம்பளம் ஒதுக்க வேண்டும். ஒதுக்காவிட்டால் இன்னும் பத்து வருடத்தில் வரைவுகள் மலையாகக் குவிந்திருக்கும், அவற்றில் எது தேறும் என்று சொல்லத்தான் ஆள் இருக்காது.