புண்ணாக்குக்கு மிஞ்சிய எண்ணெய்

அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் பிப்ரவரிக் கடைசியில் வயலில் வேலை இருக்காது. விதைப்புக்கு இன்னும் நாள் இருக்கும். அந்த ஓய்வில்தான் 'கமாடிட்டி கிளாசிக்' என்ற பெரிய விவசாயிகள் மாநாடு கூடுகிறது. மக்காச்சோளம், சோயா பயிரிடுவோரின் தேசியச் சங்கங்கள் 1996 முதல் சேர்ந்து நடத்துகின்றன. கோதுமைக்காரர்களும் சோளக்காரர்களும் பிறகு சேர்ந்துகொண்டார்கள். 2024இல் ஹூஸ்டன், 2025இல் டென்வர் என்று ஊர் மாறும். படங்களில் நாம் பார்ப்பது டிராக்டர்கள் வரிசைகட்டும் கண்காட்சியைத்தான். ஆனால் மாநாட்டின் உயிர் பிரதிநிதிகள் கூடும் அறையில் இருக்கிறது. அரசிடம் எதைக் கேட்பது என்று விவசாயிகளே ஒவ்வொரு தீர்மானமாக வாதாடி ஓட்டுப்போடும் இடம் அது. சோயா போன்ற தாவர எண்ணெயிலிருந்து செய்யும் பயோடீசல் அங்கே நெடுநாளாகப் பேசப்படும் விஷயம்.

சோயாக்காரர்களுக்கு எரிபொருளில் ஏன் இந்த அக்கறை? அமெரிக்காவில் சோயாவை ஆட்டுவது முதன்மையாகப் புண்ணாக்குக்காக. கோழிக்கும் பன்றிக்கும் அதுதான் புரதத் தீவனம். விதையில் எண்ணெய் ஐந்தில் ஒரு பங்குதான். இறைச்சித் தேவை ஏறினால் ஆட்டுவது கூடும். எண்ணெய் வேண்டுமோ வேண்டாமோ, அதுவும் கூடவே வழியும். 1990களின் தொடக்கத்தில் அப்படித்தான் எண்ணெய் தேங்கி, விலையை அழுத்தியது.

அப்போது விவசாயிகள் தங்கள் காசையே போட்டார்கள். விற்கும் சோயாவின் மதிப்பில் நூற்றுக்கு அரை வீதம் பிடித்து ஆராய்ச்சிக்கும் சந்தைப்படுத்தலுக்கும் செலவிடும் திட்டம் 1991இல் நாடு முழுவதும் வந்திருந்தது. அந்தப் பணத்தில் 1992இல் மிசௌரி மாநிலத்தில் சோயாடீசல் வளர்ச்சி வாரியம் ஒன்று பிறந்தது. பிற்காலத்தில் தேசிய பயோடீசல் வாரியமாக வளர்ந்தது அதுதான்.

எண்ணெயை அப்படியே டீசல் எஞ்சினில் ஊற்றினால் என்ன? ஓடும். 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியிலேயே ஒரு சிறிய டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடியிருக்கிறது. ஆனால் தாவர எண்ணெய் டீசலைவிடச் சுமார் பத்து மடங்கு பிசுக்கானது. நாசிலில் சரியாகத் தூவாது. அரைகுறையாக எரிந்து கரி படியும். எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறிலும் நீண்ட கொழுப்பு அமிலச் சங்கிலிகள் மூன்று, ஒரு கிளிசரின் முனையில் பிணைந்து கிடக்கின்றன. பிசுக்குக்குக் காரணம் அந்தப் பருமன். அதை உடைப்பதுதான் பயோடீசல் ஆலையின் வேலை.

மெத்தனாலில் சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற காரத்தைக் கரைத்து, ஏறக்குறைய 60 டிகிரி சூட்டில் எண்ணெயோடு கலக்குகிறார்கள். மூன்று சங்கிலிகளும் கிளிசரினை விட்டுவிட்டு ஆளுக்கொரு மெத்தனாலைப் பிடித்துக்கொள்கின்றன. கண்ணாடிச் சாடியில் செய்தால் கண்ணாலேயே பார்க்கலாம்: கலக்குவதை நிறுத்திச் சற்றுநேரம் விட்டால் பழுப்பான கனத்த கிளிசரின் அடியில் இறங்கும், தேன் நிறத்தில் மெல்லிய பயோடீசல் மேலே தெளியும். 100 கிலோ எண்ணெய்க்கும் 10 கிலோ மெத்தனாலுக்கும் ஏறக்குறைய 100 கிலோ பயோடீசலும் 10 கிலோ கிளிசரினும் கிடைக்கும்.

வேதியியல் இவ்வளவு எளிது. நம்பிக்கை பெறுவதுதான் கடினம். டீசலில் நூற்றுக்கு இரண்டு பங்கு பயோடீசல் கலந்தே ஆகவேண்டும் என்று முதலில் சட்டம் போட்ட மாநிலம் மினசோட்டா. 2005 செப்டம்பர் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. குளிர் தொடங்கியதும் லாரிகளின் ஃபில்டர்கள் அடைத்துக்கொண்டன. தரம் குறைந்த சரக்கு சந்தைக்கு வந்திருந்தது. கலப்பு விதியையே சில காலம் நிறுத்திவைத்தார்கள். தொழிலை முதிரவைத்தது அந்தக் குளிர்காலம்தான் என்பது என் எண்ணம். 2008இல் தர விதிகளில் ஒரு சோதனை சேர்ந்தது. 300 மில்லிலிட்டர் மாதிரியை 4.4 டிகிரியில் 16 மணி நேரம் குளிரவைத்து, மறுபடி அறைச் சூட்டுக்குக் கொண்டுவந்து, மிக நுண்ணிய வடிதாளில் ஊற்றுவார்கள். 360 வினாடிக்குள் முழுவதும் வடிந்தாக வேண்டும். எத்தனை விளம்பரம் செய்தாலும் லாரிக்காரரிடம் இந்த 360 வினாடி பெற்றுத்தந்த மதிப்பு வந்திருக்காது. இன்று மினசோட்டாவில் கோடைக்கால டீசலில் நூற்றுக்கு இருபது பங்கு பயோடீசல்.

ஆனால் 'மிஞ்சியதைத்தான் எரிக்கிறோம்' என்ற பழைய வாதம் இப்போது முழுதாக நிற்காது. அமெரிக்கச் சோயா எண்ணெயில் ஏறக்குறைய பாதி எரிபொருளுக்குப் போகிறது. சமையலறையும் எரிபொருள் ஆலையும் ஒரே எண்ணெய்க்குப் போட்டியிடும்போது, நிலத்தையும் உணவு விலையையும் பற்றிய கேள்விக்கு விவசாயச் சங்கங்கள் நேராகப் பதில் சொல்லியாக வேண்டும். இதற்கிடையில் சுத்திகரிப்பு ஆலைகள் எண்ணெயோடு ஹைட்ரஜனைச் சேர்த்து, பெட்ரோலிய டீசலைப் போன்றதையே செய்கின்றன. அவற்றுக்குச் சோயாதான் வேண்டுமென்பதில்லை. சீனாவிலிருந்து வரும் பழைய சமையல் எண்ணெயும் போதும். இத்தகைய எரிபொருளுக்கு அரசு தரும் வரிச்சலுகை வெளிநாட்டுச் சரக்குக்கு எதற்கு என்று சங்கங்கள் எழுப்பிய குரல் வாஷிங்டனை எட்டியது. 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டத்தின்படி, 2026 முதல் வட அமெரிக்காவில் விளைந்த அல்லது உற்பத்தியான மூலப்பொருளில் செய்த எரிபொருளுக்குத்தான் அந்தச் சலுகை.