பொம்மைப் படத்துக்குள்ளே பூதம்! பிஞ்சுகளை மிரட்டும் போலி கார்ட்டூன்கள்

கோவில்பட்டி:–

பார்த்தால் குழந்தைப் படம். பாட்டு உண்டு, கும்மாளம் உண்டு, கலர் கலராக பலூன் உண்டு. இரண்டு நிமிஷம் போனதும் அதே பொம்மை கத்தியைத் தூக்குகிறது! சிரித்த வாயில் ரத்தம் வடிகிறது! பாட்டு மட்டும் நிற்காமல் பாடிக்கொண்டே இருக்கிறது!

இப்படி ஒரு கூத்து நம் வீட்டுச் செல்போனுக்குள்ளேயே நடக்கிறது. பார்ப்பவர்கள் 3 வயது, 4 வயதுப் பிஞ்சுகள். பெரியவர்களுக்குத் தெரிவதே இல்லை. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது, என் அக்கா மகன் பூனையைக் கண்டு அலறுகிற வரைக்கும்.

பூனை வருது!

அக்கா தீப்பெட்டி ஆபீசில் பண்டல் போடுகிறார். காலை 8 மணிக்குப் போனால் திரும்ப இருட்டிவிடும். 4 வயதுப் பையனை மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். அவருக்குக் கண்ணில் புரை. பையன் அழுதால் கையில் செல்லைக் கொடுத்துவிடுவார். சாப்பாடு ஊட்டவும் அதுதான், தூங்க வைக்கவும் அதுதான்.

போன மாதம் ஒரு நாள் ராத்திரி பையன் விளக்கை அணைக்க விடவில்லை. வீட்டில் வளர்கிற பூனை கட்டில் பக்கம் வந்ததும் வீறிட்டு அலறினான்.

"மாமா, அது குட்டியைச் சட்டியில போட்டு வேக வைக்கும். என்னையும் போட்டுரும்."

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. செல்லை வாங்கி, அன்றைக்கு என்னென்ன ஓடியது என்று பார்த்தேன். முதலில் நல்ல பொம்மைப் பாட்டுகள் நாலைந்து. அதற்கு அப்புறம் ஒரு பூனைப் படம். தாய்ப் பூனை சமையல்கட்டில் ஆடிப் பாடுகிறது. பிறகு பையன் சொன்னது அப்படியே நடக்கிறது. அதை ஒன்பது தடவை போட்டுப் பார்த்திருக்கிறான்!

பக்கத்திலேயே இருந்த அவன் ஆச்சியிடம் கேட்டால், "தம்பி, எனக்குப் படம் எங்க தெரியுது? பாட்டு நல்லாத்தானே கேட்டுச்சு" என்றார்.

விஷயமே அதில்தான் இருக்கிறது. பாட்டு நன்றாகத்தான் இருக்கும். அடுப்படியில் நிற்கிற பெரியவர்கள் காதில் பாட்டுதானே விழும்!

பல் பிடுங்கிய டாக்டர்

இது ஒரு வீட்டுக் கதை இல்லை. உலகமே இதில் ஒரு முறை ஆடிப் போயிருக்கிறது. அது நடந்தது 2017-ம் வருஷம்.

இங்கிலாந்தில் 2004-ல் இருந்து ஓடுகிற "பெப்பா பிக்" என்ற கார்ட்டூனை சின்னப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். சிவப்புச் சட்டை போட்ட பன்றிக் குட்டி. அதே குட்டியை வைத்து யாரோ போலிப் படம் எடுத்து யூடியூப்பில் ஏற்றினார்கள். பெப்பா பல் டாக்டரிடம் போகிறாள். பெரிய ஊசியோடு டாக்டர் வருகிறார். பல்லைப் பிடுங்குகிறார். பெப்பா கதறுகிறாள். 2017 மார்ச்சில் பி.பி.சி. இதை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தது. அசல் என்று நம்பிப் பிள்ளைகளுக்குப் போட்டுக் கொடுத்த பெற்றோர் பதறினார்கள்.

தோண்டத் தோண்ட இன்னும் வந்தது. "ஃப்ரோசன்" படத்து இளவரசி எல்சா, ஸ்பைடர்மேன், மிக்கி மவுஸ் என்று பிள்ளைகள் உயிரை விடுகிற வேஷங்கள் அத்தனையும் ஊசி, ரத்தம், ஆபாசம் என்று சீரழிந்து கிடந்தன. எல்சா பேரை வைத்தே இந்த விவகாரத்துக்கு "எல்சாகேட்" என்று பேர் விழுந்தது. அமெரிக்க ஜனாதிபதி நிக்சனைக் கவிழ்த்த "வாட்டர்கேட்" ஊழலில் இருந்து வந்த வால் அது!

இதில் கொடுமை என்னவென்றால், சிறுவர்களுக்காகவே தனியாக விடப்பட்ட "யூடியூப் கிட்ஸ்" செயலிக்குள்ளும் இவை புகுந்துவிட்டன. 2017 நவம்பரில் "நியூயார்க் டைம்ஸ்" பத்திரிகை இதை எழுதியது. அதே வாரம் ஜேம்ஸ் பிரிடில் என்ற இங்கிலாந்து எழுத்தாளர் நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். எது மனுஷன் எடுத்த படம், எது மிஷின் கலந்து கொடுத்த படம் என்று பிரிக்கவே முடியவில்லை என்று அவர் சொன்னதும் விவகாரம் பற்றிக்கொண்டது.

டூப்ளிகேட் லேபிள்

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? பிள்ளைகளை பயமுறுத்தி என்ன லாபம்?

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஒரு தீப்பெட்டி லேபிள் நன்றாக ஓடினால் என்ன நடக்கும்? அதே கலர், அதே படம், ஒரே ஒரு எழுத்தை மாற்றி இன்னொரு லேபிள் கடைக்கு வந்துவிடும். அவசரத்தில் வாங்குகிறவர் பார்க்க மாட்டார். கடலை மிட்டாயிலும் இதே கதைதான். போலிக்கு வேலி போடத்தான் 2020-ல் கோவில்பட்டி கடலை மிட்டாய் புவிசார் குறியீடு வாங்கியது.

போலி கார்ட்டூனும் டூப்ளிகேட் லேபிள்தான். பேர் போன பொம்மையின் முகத்தை ஒட்டினால் பிள்ளை தொடும். தொட்டால் படம் ஓடும். படம் ஓடினால் விளம்பரம் ஓடும். விளம்பரம் ஓடினால் ஏற்றியவனுக்குக் காசு. தலைப்பிலே பிள்ளைகள் தேடுகிற பேர்களை எல்லாம் சரம் சரமாகக் கோத்துவிடுவான். அர்த்தம் இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

அடுத்து எந்தப் படம் வர வேண்டும் என்று தீர்மானிப்பது மிஷின். எந்தப் படத்தில் கண் அதிக நேரம் நிற்கிறதோ அதே மாதிரிப் படத்தைத்தான் அது எடுத்து நீட்டும். பயத்தில் நிற்கிற கண்ணா, ஆசையில் நிற்கிற கண்ணா என்று அதற்குத் தெரியாது. 4 வயதுப் பிள்ளை புகார் எழுதாது. விளம்பரத்தைத் தள்ளிவிடாது. ஒரே படத்தை ஒன்பது தடவை பார்க்கும். இதைவிட நல்ல வாடிக்கையாளர் யாருக்குக் கிடைப்பார்?

இப்போது செயற்கை நுண்ணறிவு வேறு வந்துவிட்டது. படம் வரையத் தெரிய வேண்டாம். நாலு வரி எழுதிக் கொடுத்தால் போதும். பூனையும் வரும், சட்டியும் வரும்!

பெரியவங்க சமாச்சாரம் வேறே

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். குழந்தை நிகழ்ச்சியைக் கிண்டல் செய்து, பெரியவர்களுக்காகவே எடுக்கிற திகில் தொடர்களும் உண்டு. அது குற்றம் அல்ல.

"டோன்ட் ஹக் மீ அயம் ஸ்கேர்டு" என்று ஒரு தொடர். "கட்டிப்பிடிக்காதே, எனக்குப் பயமா இருக்கு" என்று அர்த்தம். பெக்கி ஸ்லோன், ஜோ பெல்லிங் என்ற இரண்டு இளைஞர்கள் 2011-ல் இங்கிலாந்தில் ஆரம்பித்தார்கள். மூன்று பொம்மைகள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். ஒரு நோட்டுப் புத்தகம் எழுந்து பாட்டுப் பாடி பாடம் நடத்தும். கடைசியில் நிஜ இருதயம் மாதிரி ஒன்றை எடுத்து அதன் மேல் மினுமினுப்புத் தூள் தூவுவார்கள்! 2014-ல் பொது ஜனங்களிடம் பணம் திரட்டினார்கள். 1 லட்சம் பவுனுக்கு மேல் குவிந்தது. 2016-ல் ஆறாவது படத்தோடு முடித்தார்கள். 2022-ல் "சேனல் 4" டெலிவிஷனே அவர்களைக் கூப்பிட்டு முழுத் தொடர் போட்டது.

சிரித்த முகத்தோடு பிள்ளைகள் தலையில் எதையும் ஏற்றலாம் என்கிற டெலிவிஷனைக் குத்திக்காட்டத்தான் அந்தத் திகில். ஆனால் மேலே தெரிகிற படமோ மூன்று பொம்மைகள். 4 வயதுப் பிள்ளை தொடத்தானே செய்யும்?

நம் கரிசல் பூமிக்கு இது தெரியாத சங்கதி இல்லை. இதோ பக்கத்து இடைசெவல்காரர் கி.ராஜநாராயணன். நாட்டுப்புறத்தில் புழங்குகிற பாலியல் கதைகளைத் தொகுத்தபோது புத்தகத்துக்கு என்ன பேர் வைத்தார்? "வயது வந்தவர்களுக்கு மட்டும்"! அட்டையைப் பார்த்ததுமே யாருக்கு உரிய சரக்கு என்று தெரிந்துவிடும். தென் மாவட்டத் தோல்பாவைக் கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் அடிக்கிற கூத்தில் ஏடாகூடமான பேச்சும் உண்டுதான். ஆனால் பிள்ளைக்குப் பக்கத்தில் தாத்தா உட்கார்ந்திருப்பார். பயந்தால் துண்டால் மூடிவிடுவார். செல்போன் திரைக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

கோர்ட்டு பார்த்த கேஸ்கள்

பிள்ளைகளும் செல்போனும் சம்பந்தப்பட்ட கேஸ்கள் மதுரை ஐகோர்ட்டு கிளைக்குப் புதிது அல்ல. 2017 செப்டம்பரில் "புளூவேல்" விளையாட்டு விவகாரத்தை நீதிபதிகள் தாமாகவே கையில் எடுத்தார்கள். 2019 ஏப்ரலில் "டிக்டாக்" செயலிக்குத் தடை போட்டு, அதே மாதம் நிபந்தனையோடு விலக்கினார்கள்.

புளூவேலால் நாட்டில் ஒரு சாவு நடந்ததற்குக்கூட ஆதாரம் கிடைக்கவில்லை என்று 2018 ஜனவரியில் மத்திய அரசு பாராளுமன்றத்தில் சொன்னது. அடுத்து வந்த "மோமோ" பூச்சாண்டியும் புரளிதான். முட்டைக் கண்ணும் கோழிக் காலுமாக வாட்ஸ்-அப்பில் சுற்றிய அந்த உருவம் ஜப்பானில் 2016-ல் கண்காட்சிக்காகச் செய்த பொம்மை. அது உளுத்துப் போய் 2018-லேயே குப்பைக்குப் போய்விட்டது!

இல்லாத பூதத்துக்கு ஊரே நடுங்கியது. தினமும் கைக்குள் ஓடுகிற படத்தை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

82 வருஷம் வேணும்!

யூடியூப் கம்பெனி சும்மா இருக்கவில்லை. 2017 நவம்பரில் 50-க்கு மேற்பட்ட சேனல்களை மூடியது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீடியோக்களைத் தூக்கியது. சோதனை வேலைக்கு 10 ஆயிரம் பேர் என்று அறிவித்தது. 2019 செப்டம்பரில் அமெரிக்க அரசு 17 கோடி டாலர் அபராதம் தீட்டியது. அன்றைய கணக்கில் சுமார் 1,200 கோடி ரூபாய்! ஆனால் அந்த அபராதம் திகில் படத்துக்காக அல்ல. பெற்றோரைக் கேட்காமல் பிள்ளைகள் விவரத்தைத் திரட்டியதற்காக.

2019 கணக்குப்படி யூடியூப்பில் ஒரு நிமிஷத்துக்கு 500 மணி நேர வீடியோ ஏறியது. ஒரே ஒரு நாளில் ஏறியதை ஒருவர் தூங்காமல் பார்த்து முடிக்க 82 வருஷம் வேண்டும்! யார் உட்கார்ந்து சலிப்பது?

சினிமாவுக்கு "ஏ" முத்திரை உண்டு. ஓ.டி.டி. படங்களுக்கும் 2021-ல் வந்த விதிப்படி வயது முத்திரை உண்டு. யார் வேண்டுமானாலும் ஏற்றுகிற வீடியோவுக்கு அந்த முத்திரை கிடையாது. அந்த ஓட்டை வழியாகத்தான் பூனை வருகிறது.

என்ன செய்யலாம்?

செல்லை உடைத்துப் போடு என்று சொல்வது சுலபம். கூலிக்குப் போகிற வீட்டில் அது நடக்காது. நடக்கிற காரியம் சில உண்டு.

* படம் முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுவதை நிறுத்தி வையுங்கள்.

* சிறுவர் செயலியில் "நீங்கள் அனுமதித்தது மட்டும்" என்று ஓர் ஏற்பாடு உண்டு. நாலு நல்ல சேனலைத் தேர்ந்து கொடுத்துவிட்டால் மற்றது வராது.

* ராத்திரி ஐந்து நிமிஷம், பிள்ளை பார்த்த பட்டியலைப் புரட்டுங்கள். கெட்ட படம் கண்டால் புகார் பட்டனைத் தட்டுங்கள்.

* 2 வயதுக்குள் திரையே வேண்டாம், 5 வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம்.

* பயந்த பிள்ளையை அடிக்காதீர்கள். "ஏன் பார்த்தே?" என்று திட்டினால் அடுத்த தடவை சொல்லாது. சிறுவர் உதவிக்கு 1098.

அன்று விரல், இன்று கண்

இந்த ஊருக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. ஒரு காலத்தில் சாமத்திலேயே பஸ் வந்து கிராமத்துப் பிள்ளைகளை தீப்பெட்டி ஆபீசுக்கு அள்ளிப் போகும். குச்சி அடுக்கிய பிஞ்சு விரல்களில் முதலாளி சம்பாதித்தார். 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, சிவகாசி வழக்கில், ஆபத்தான தொழிலில் அமர்த்திய ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20 ஆயிரம் ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. பிள்ளைகளை வெளியே கொண்டு வர ஒரு தலைமுறை ஆனது.

இன்று பிள்ளை வீட்டில் பத்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கோ முகம் தெரியாத ஒருவன் அதன் கண்ணில் சம்பாதிக்கிறான்!

அக்கா மகன் விஷயத்துக்கு வருவோம். ஒரு வாரம் விளக்கு எரிந்தது. பூனைக்குப் பால் ஊற்றும் வேலையை அவனிடமே கொடுத்தோம். முதல் இரண்டு நாள் கிண்ணத்தை எட்டத்தில் வைத்துவிட்டு ஓடினான். மூன்றாம் நாள் நின்று பார்த்தான். இப்போது அது அவன் காலடியில் படுக்கிறது.

செல்லை முற்றிலும் பிடுங்கவில்லை. ஆச்சி மட்டும் ஒரு புதுச் சட்டம் போட்டிருக்கிறார்.

"எனக்குத்தான் கண்ணு தெரியாதே. என்ன நடக்குதுன்னு ஒவ்வொண்ணா சொல்லிக்கிட்டே பாருடா!"

பையன் சொல்லிக்கொண்டே பார்க்கிறான். முந்தாநாள் ஒரு படம் ஓடும்போது பாதியில் பேச்சு நின்றது. ஆச்சி கையை நீட்டி செல்லை வாங்கிவிட்டார். பாட்டு அப்போதும் நன்றாகத்தான் கேட்டுக்கொண்டு இருந்தது!