இருபது முகப் பகடையும் இணைய மேசையும்

பாத்திரமேற்று ஆடும் கற்பனை விளையாட்டுக்குப் பலகையும் காயும் கட்டாயமில்லை. பேச்சும் பகடையும் போதும். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இதற்கு முன்னோடி. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரன், மந்திரவாதி, திருடன் என ஆளுக்கொரு வேடம் ஏற்பார்கள்.

உதாரணத்துக்கு, கேரளக் கடற்கரையிலுள்ள விழிஞ்ஞத்தையே களமாக வைத்துப் பார்க்கலாம். ஆய் மன்னர்களின் பழைய துறைமுகம், குடைவரைக் கோயில் என்று கதைக்கு வேண்டியதெல்லாம் அங்கே தயாராக இருக்கிறது. “நள்ளிரவு. பாண்டியர் படகு நெருங்குகிறது. என்ன செய்கிறீர்கள்?” என்பார் நடத்துநர். திருடன் பாறைக்குத் தாவ நினைத்தால் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். விழுந்தது 11, அவனது சுறுசுறுப்புக்கு 3 சேர்த்தால் 14. நடத்துநர் வைத்த இலக்கோ 15. கால் வழுக்குகிறது. ஆட்டத்தின் சுவையே இந்த வழுக்கலில்தான். அடுத்த கதை அங்கிருந்து பிறக்கும்.

ஆட்கள் ஓரூரில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. 2012-இல் வந்த ‘ரோல்20’ போன்ற தளங்கள் வரைபடத்தையும் பகடையையும் திரைக்குக் கொண்டுவந்துவிட்டன. பேச்சுக்கு ‘டிஸ்கார்ட்’ உண்டு. திருவனந்தபுரத்தில் இரவு ஒன்பதரை என்றால் துபாய் நண்பருக்கு எட்டு மணி. டிராகனைக்கூட வீழ்த்திவிடலாம், எல்லோருக்கும் ஒத்துவரும் நேரத்தைப் பிடிப்பதுதான் பெரும்பாடு. இருவர் சேர்ந்து பேசினால் எதுவும் கேட்காது. அதனால் முறைவைத்துப் பேசும் குழுக்களே நீடிக்கின்றன.