இரண்டு எம்.பி.க்கள், எட்டு ஆட்டக்காரர்கள்

2017 அக்டோபர் 9-ஆம் தேதி இரவு. தில்லி ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கில் சுமார் 48 ஆயிரம் ரசிகர்கள் திரண்டிருந்தனர். 17 வயதுக்கு உள்பட்டோருக்கான உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியில் கொலம்பியா 1-0 என்ற கணக்கில் முன்னிலையில் இருந்தது. 82-ஆவது நிமிடத்தில் சஞ்சீவ் ஸ்டாலின் மைதானத்தின் மூலையிலிருந்து உதைத்த பந்தை, எம்பித் தலையால் முட்டி வலைக்குள் தள்ளினார் ஜீக்சன் சிங். உலகக் கோப்பைப் போட்டியொன்றில் இந்தியா அடித்த முதல் கோல் அது.

அடுத்த நிமிடமே கொலம்பியா மீண்டும் ஒரு கோல் அடித்து 2-1 என வென்றது. அமெரிக்காவிடம் 0-3, கானாவிடம் 0-4 என மற்ற இரு ஆட்டங்களிலும் தோற்ற இந்தியா, முதல் சுற்றுடன் வெளியேறியது. ஆயினும் அந்த ஒரு கோலை நாடு கொண்டாடியது. கோலடித்த சிறுவனின் பெயருடன் அவனது மாநிலத்தின் பெயரும் நாடெங்கும் பேசப்பட்டது. அந்த மாநிலம் மணிப்பூர்.

அந்த அணியின் 21 ஆட்டக்காரர்களில் எட்டுப் பேர் மணிப்பூரைச் சேர்ந்தவர்கள். அணித் தலைவர் அமர்ஜித் சிங் கியாம், கோல்காப்பாளர் தீரஜ் சிங் மொய்ராங்தெம், சுரேஷ் சிங் வாங்ஜம், போரிஸ் சிங் தங்ஜம், நிந்தோயிங்கன்பா மீதேய், நோங்டம்பா நவ்ரம், முகமது ஷாஜகான், ஜீக்சன் சிங் ஆகியோரே அவர்கள். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மணிப்பூரின் மக்கள்தொகை சுமார் 28.5 லட்சம். நாட்டின் மக்கள்தொகையில் இது நானூறில் ஒரு பங்குக்கும் குறைவு. மக்களவையின் 543 இடங்களில் அந்த மாநிலத்துக்கு இரண்டு; மாநிலங்களவையில் ஒன்று. நாடாளுமன்றத்தில் மூன்று இருக்கைகள் மட்டுமே பெற்ற மாநிலம், தேசிய இளையோர் அணியில் எட்டு இடங்களைப் பிடித்தது.

பந்தும் பிழைப்பும்

இது தற்செயலாக நிகழ்ந்ததல்ல. 1949-இல் இந்தியாவுடன் இணைந்த மணிப்பூர், யூனியன் பிரதேசமாக இருந்து 1972 ஜனவரி 21-ஆம் தேதி தனி மாநிலமானது. இம்பால் பள்ளத்தாக்கில் 'லெய்காய்' எனப்படும் குடியிருப்புகளில் விளையாட்டு மன்றங்கள் பல தலைமுறைகளாக இயங்கி வருகின்றன. மலை மாவட்டங்களிலும் கால்பந்து அதே அளவுக்கு வேரூன்றியுள்ளது. 2002-இல் இம்பாலில் நடைபெற்ற சந்தோஷ் கோப்பை இறுதி ஆட்டத்தில் கேரளத்தை வென்று மணிப்பூர் கோப்பையைக் கைப்பற்றியது. தேசிய மகளிர் கால்பந்துப் போட்டியிலோ அந்த மாநிலம் இருபது முறைக்கும் மேல் பட்டம் வென்றிருக்கிறது. மகளிர் அணியின் முன்னாள் தலைவர் பெம்பெம் தேவிக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

இந்த ஆர்வத்துக்குப் பின்னால் ஒரு பொருளாதாரக் காரணமும் உண்டு. பெரிய தொழிற்சாலைகளோ தனியார் வேலைவாய்ப்போ இல்லாத எல்லைப்புற மாநிலத்தில், ராணுவம், துணை ராணுவம், காவல்துறை ஆகியவற்றின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகள் ஓர் இளைஞனின் வாழ்க்கையையே மாற்றிவிடும். 2017 முதல் 2025 வரை முதல்வராக இருந்த என். பிரேன் சிங், எல்லைப் பாதுகாப்புப் படையின் கால்பந்து அணியில் ஆடியவர்தான். 2017 அணியின் தலைவர் அமர்ஜித்தின் தாய் இம்பால் சந்தையில் மீன் விற்றுக் குடும்பத்தைக் காத்தவர். இத்தகைய வீடுகளில் பந்து என்பது பொழுதுபோக்கு அல்ல, பிள்ளையின் எதிர்காலம்.

இந்தத் திறமையை மத்திய அரசு கவனிக்காமல் இல்லை. நாட்டின் முதல் தேசிய விளையாட்டுப் பல்கலைக்கழகத்தை மணிப்பூரில் அமைப்பதற்கான மசோதா 2018 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறியது. அதற்கு முன்பே, அந்த ஆண்டு மார்ச்சில் பிரதமர் நரேந்திர மோடி அடிக்கல் நாட்டினார். வளாகத்துக்காக இம்பால் மேற்கு மாவட்டத்தின் கௌத்ருக்கில் 325 ஏக்கருக்கும் அதிகமான நிலத்தை மாநில அரசு ஒதுக்கியது.

2023 மே 3

2023 மார்ச்சில் இம்பாலின் குமான் லம்பாக் விளையாட்டரங்கில் இந்திய ஆடவர் அணி மியான்மரையும் கிர்கிஸ்தானையும் அடுத்தடுத்து வென்றது. அரங்கு நிரம்பி வழிந்தது. இரண்டாவது ஆட்டம் மார்ச் 28-ஆம் தேதி நடந்தது. அதற்கு முந்தைய நாள், பள்ளத்தாக்கில் பெரும்பான்மையினரான மைதேயி சமூகத்தினரைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்ப்பது குறித்துப் பரிந்துரைக்க மாநில அரசுக்கு மணிப்பூர் உயர்நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. இதை எதிர்த்து மே 3-ஆம் தேதி மலை மாவட்டங்களில் பழங்குடி மாணவர் அமைப்பு பேரணி நடத்தியது. அன்றே வன்முறை மூண்டது. அந்த உத்தரவின் சர்ச்சைக்குரிய பகுதியை அதே நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் நீக்கியது. ஆனால், அதற்குள் காலம் கடந்துவிட்டது.

மைதேயிகளுக்கும் குகி-ஜோ பழங்குடியினருக்கும் இடையிலான மோதலில் 250-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஏறத்தாழ 60 ஆயிரம் பேர் வீடிழந்தனர். பள்ளத்தாக்கில் வசித்த குகிகள் மலைக்கும், மலையில் வசித்த மைதேயிகள் பள்ளத்தாக்குக்கும் விரட்டப்பட்டனர். குகிகளால் இம்பால் விமான நிலையத்துக்குக்கூடச் செல்ல இயலாத நிலை உருவானது. வெளியூர் செல்ல அவர்கள் மிசோரமின் ஐஸால் வழியாகவோ, நாகாலாந்தின் திமாபூர் வழியாகவோ சுற்றிச் செல்ல வேண்டியதாயிற்று. ஐ-லீக் போட்டியில் ஆடிவந்த மணிப்பூரின் டிராவ், நெரோக்கா அணிகள் 2023-24 பருவத்தில் தங்கள் சொந்த ஊர் ஆட்டங்களை மாநிலத்துக்கு வெளியே ஆடின.

விளையாட்டுப் பல்கலைக்கழகத்துக்கென நிலம் ஒதுக்கப்பட்ட கௌத்ருக் பகுதியும் தப்பவில்லை. மலையடிவாரத்தில் உள்ள அந்தக் கிராமத்தின் மீது 2024 செப்டம்பர் 1-ஆம் தேதி ட்ரோன்கள் மூலம் குண்டுகள் வீசப்பட்டன. அன்றைய தாக்குதலில் பெண் ஒருவர் உள்பட இருவர் உயிரிழந்தனர்.

கொடியும் கோலும்

2023 ஜூலை 4-ஆம் தேதி பெங்களூரில் நடைபெற்ற தெற்காசியக் கோப்பை இறுதி ஆட்டத்தில், பெனால்டி உதைகளின் மூலம் குவைத்தை இந்தியா வென்றது. பதக்கம் பெற வந்த ஜீக்சன் சிங், மைதேயிகளின் ஏழு வண்ணக் கொடியைத் தோளில் போர்த்தியிருந்தார். தேசிய அணியின் சீருடையில் இருப்பவர் ஒரு சமூகத்தின் கொடியை ஏந்தலாமா என்ற கண்டனம் எழுந்தது. எவர் மனத்தையும் புண்படுத்துவது தமது நோக்கமல்ல என்றும், மணிப்பூரின் நிலைமை மீது கவனத்தை ஈர்க்கவே அவ்வாறு செய்ததாகவும் ஜீக்சன் விளக்கினார். கண்டனத்திலும் நியாயம் இருந்தது. விளக்கத்திலும் வேதனை இருந்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன் தேசத்தின் முதல் கோலை அடித்தபோது அவரிடம் இத்தகைய கேள்வியை எவரும் கேட்கவில்லை.

அந்த ஆண்டு மழைக்காலக் கூட்டத்தொடரில், மணிப்பூரை முன்வைத்து மத்திய அரசு மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரப்பட்டது. மூன்று நாள் விவாதத்துக்குப் பின் ஆகஸ்ட் 10-ஆம் தேதி குரல் வாக்கெடுப்பில் தீர்மானம் தோற்றது.

சரியாக ஒரு மாதம் கழித்து, செப்டம்பர் 10-ஆம் தேதி, பூடான் தலைநகர் திம்புவில் 16 வயதுக்கு உள்பட்டோருக்கான தெற்காசியக் கோப்பை இறுதி ஆட்டம் நடைபெற்றது. இந்திய அணியின் 23 பேரில் 16 பேர் மணிப்பூர் சிறுவர்கள். மைதேயி, குகி, மைதேயி முஸ்லிம்களான பங்கல் என மூன்று தரப்பினரும் அந்த அணியில் இருந்தனர். வங்கதேசத்தை இந்தியா 2-0 என வென்றது. முதல் கோலை பரத் லைரென்ஜமும், இரண்டாவது கோலை லெவிஸ் சங்மின்லுனும் அடித்தனர். முன்னவர் மைதேயி; பின்னவர் குகி. தங்கள் ஊர்களில் காவல் அரண்களுக்கு இருபுறமும் பிரிந்து கிடந்த சமூகங்களின் பிள்ளைகள், அயல்நாட்டு மைதானத்தில் ஒருவருக்கொருவர் பந்தைக் கடத்தி நாட்டுக்குக் கோப்பை வென்றனர். ஆனால், அந்தக் கோப்பையுடன் சேர்ந்து ஒரே ஊருக்குத் திரும்ப அவர்களால் முடியாது என்பதே அன்றைய நிலைமை.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின் இதே காட்சி மீண்டும் அரங்கேறியது. 2025 நவம்பர் 30-ஆம் தேதி ஆமதாபாதில் ஈரானை 2-1 என வீழ்த்தி, 17 வயதுக்கு உள்பட்டோருக்கான 2026 ஆசியக் கோப்பைக்கு இந்தியா தகுதி பெற்றது. ஆசியக் கால்பந்தில் ஈரானின் வலிமையை அறிந்தவர்களுக்கு இந்த வெற்றியின் மதிப்பு தெரியும். கோலடித்தவர்கள் தல்லால்முவன் கேங்டே, குன்லெய்பா வாங்கெய்ராக்பம். கேங்டே என்பது மலைப்பகுதிப் பழங்குடியொன்றின் பெயர். வாங்கெய்ராக்பம் என்பது மைதேயிகளின் குடும்பப் பெயர்.

அவையின் கணக்கு

சிறுவர்கள் சேர்ந்து விளையாடுவதைக் காட்டி மணிப்பூரில் எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதுவது எளிது. ஆனால் அது அவர்கள் மீது தகாத பாரத்தைச் சுமத்துவதாகும். பள்ளத்தாக்கையும் மலையையும் இணைப்பது 16 வயதுச் சிறுவர்களின் வேலையல்ல. அது அரசுகளின் வேலை. அரசுகளைக் கேள்வி கேட்கும் அவைகளின் வேலை.

அந்த வேலை எவ்வாறு நடந்தது? உள்மணிப்பூர் தொகுதி எம்.பி. பிமோல் அகோய்ஜம், 2024 ஜூலை 1-ஆம் தேதி மக்களவையில் பேச வாய்ப்புப் பெற்றபோது நள்ளிரவு நெருங்கிவிட்டது. முகாம்களில் வாடும் 60 ஆயிரம் பேரைப் பற்றி அவர் பேசுகையில் அவையில் பெரும்பாலான இருக்கைகள் காலியாக இருந்தன. 2025 பிப்ரவரி 9-ஆம் தேதி பிரேன் சிங் பதவி விலகினார். 13-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஆட்சி பிரகடனம் செய்யப்பட்டதால், மணிப்பூருக்குச் சட்டம் இயற்றும் பொறுப்பு நாடாளுமன்றத்தின் வசம் வந்தது.

ஆமதாபாதில் ஈரானை வீழ்த்திய மறுநாள், 2025 டிசம்பர் 1-ஆம் தேதி, குளிர்காலக் கூட்டத்தொடர் தொடங்கியது. முதல் நாளிலேயே மணிப்பூர் தொடர்பான மசோதா ஒன்று மக்களவையில் நிறைவேறியது. அது சரக்கு மற்றும் சேவை வரித் திருத்த மசோதா. வாக்காளர் பட்டியல் திருத்தம் குறித்து எதிர்க்கட்சிகள் எழுப்பிய முழக்கங்களுக்கிடையே அது நிறைவேறியது.

முந்தைய நாள் மாலை இரண்டு மணிப்பூர் சிறுவர்கள் நாட்டுக்காக இரண்டு கோல்கள் அடித்தனர். மறுநாள் நாட்டின் மக்களவை அவர்களது மாநிலத்துக்குச் செய்தது, ஒரு வரி மசோதாவைக் கூச்சலுக்கிடையே நிறைவேற்றியதுதான்.