கிரில் அடுப்பில் பூஞ்சை: நெருப்பு மூட்டினால் மட்டும் போதுமா?

வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பும் சகோதரர்களோடு வந்து சேர்ந்த பொருட்களில் பார்பிக்யூ கிரில் அடுப்பும் ஒன்று. நம் கடற்கரை ஊர்களில் பல வீட்டு மொட்டை மாடிகளில் இப்போது அது ஒரு மூலையில் நிற்கிறது. ஹஜ்ஜுப் பெருநாள் சமயத்தில் குர்பானி இறைச்சியைச் சுட்டுச் சாப்பிட்டதும், மேலே ஒரு தார்ப்பாயைப் போட்டுக் கட்டி வைத்துவிடுகிறோம். அண்மை ஆண்டுகளில் ஹஜ்ஜுப் பெருநாள் மே, ஜூன் மாதங்களில் வருகிறது. அடுத்து அந்த அடுப்பின் நினைவு வருவது டிசம்பர் கடைசியில், பிள்ளைகளின் அரையாண்டு விடுமுறைக்கு உறவினர்கள் கூடும்போதுதான். இடையில் வடகிழக்குப் பருவமழை முழுவதும் அதன் மேல் பெய்து ஓய்ந்திருக்கும். மூடியைத் திறந்தால் கம்பிகளில் சாம்பலும் பச்சையுமாகப் பூஞ்சை படர்ந்திருக்கும். மக்கிய வாடையும் அடிக்கும்.

"நெருப்பு மூட்டினால் எல்லாம் செத்துப் போகும்" என்று சொல்லி அப்படியே கரியைக் கொட்டிப் பற்ற வைப்பவர்கள் உண்டு. இதில் பாதிதான் உண்மை. நன்றாகச் சூடேறிய அடுப்பில் பூஞ்சை உயிரோடு இருக்காது என்பது சரியே. ஆனால் செத்த பூஞ்சையும், அது தின்று வளர்ந்த பழைய கொழுப்பும் கம்பியிலேயேதான் ஒட்டிக்கொண்டிருக்கும். சில பூஞ்சைகள் உண்டாக்கும் நச்சுப் பொருட்கள் சமையல் சூட்டில் முழுமையாக அழிவதுமில்லை. பூஞ்சை பிடித்த நிலக்கடலையை வறுத்தாலும் அதிலுள்ள அஃப்ளாடாக்சின் முற்றிலும் நீங்கிவிடாது என்பதைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆகவே எரிப்பது ஒரு படி மட்டுமே. அதற்கு முன்னும் பின்னும் வேலை இருக்கிறது.

முதலில், கண்ணில் படுவது பூஞ்சைதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூடியின் உட்புறத்தில் கறுப்பாகச் செதில் செதிலாக உரிந்து தொங்குவது பெரும்பாலும் பூஞ்சையும் அல்ல, பெயிண்டும் அல்ல. புகையும் கொழுப்பும் சேர்ந்து கரியாக இறுகியது. சுரண்டினால் போய்விடும். செம்பழுப்பாகச் சொரசொரப்பாக இருப்பது துரு. பூஞ்சை என்றால் பஞ்சு போலவோ வெல்வெட் துணி போலவோ மெத்தென்று இருக்கும். ஈரத் துணியால் தொட்டால் குழைந்து இழுபடும், வாடையும் காட்டிக் கொடுக்கும்.

இது ஏன் வருகிறது? பூஞ்சையின் வித்துகள் காற்றில் எங்கும் மிதக்கின்றன, அவற்றைத் தடுக்க முடியாது. அவை முளைக்க வேண்டியது இரண்டே: தின்ன ஏதாவது, கொஞ்சம் ஈரம். தயிர், எண்ணெய், மசாலா தடவி ஊறவைத்த கோழியிலிருந்து சொட்டியதெல்லாம் கம்பியிலும் அடித்தட்டிலும் காய்ந்து கிடக்கிறது, அதுதான் தீனி. ஈரத்தை மழையும் கடற்காற்றும் கொண்டு வருகின்றன. கடற்காற்றில் வரும் உப்புப் படிவு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதால், கரையோர ஊர்களில் இரும்புச் சாமான் மழை விட்ட பிறகும் பிசுபிசுப்பாகவே இருக்கும். இதற்கு மேல் நாம் இறுக்கிக் கட்டும் தார்ப்பாய்! மழைத் தண்ணீரைத் தடுக்கத்தான் கட்டுகிறோம். அதுவோ உள்ளே இருக்கும் ஈரத்தையும் வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. பகலில் வெயிலில் சூடாகி, இரவில் குளிர்ந்து, உட்புறம் முழுவதும் வியர்த்துக் கொட்டும். ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டி போடாதே என்று உம்மா சொல்வாரே, அதே கணக்குதான் இதற்கும்.

இனி சுத்தம் செய்யும் முறை. காலை வெயிலில், திறந்த வெளியில் வைத்துச் செய்யுங்கள். முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொள்வது நல்லது. வீசிங், ஆஸ்துமா தொந்தரவு உள்ளவர்களும் குழந்தைகளும் பக்கத்தில் வேண்டாம். காய்ந்த பூஞ்சையை அப்படியே தேய்த்தால் வித்துகள் தூசியாகக் கிளம்பி மூக்கில் ஏறும். எனவே பாத்திரம் துலக்கும் சோப்பைத் தண்ணீரில் கலந்து தெளித்து, நனைத்த பிறகே பழைய துணியால் துடைத்தெடுங்கள். அந்தத் துணியை மறுபடி பயன்படுத்தாதீர்கள். உள்ளே மிச்சமிருந்த கரியையும் நனைந்து இறுகிப்போன சாம்பலையும் வாரி வெளியே போட்டுவிட வேண்டும். பூஞ்சை பிடித்த கரியைக் காய வைத்துப் பயன்படுத்தலாம் என்று நினைக்க வேண்டாம். சாப்பிடும் இறைச்சிக்கு அடியில் எரியப் போவது அது. மரக் குச்சிகள் மிச்சமிருந்தால் அவற்றையும் தூக்கிப் போடுங்கள்.

அடுத்து, எரிப்பதற்கு முன்பே கொழுப்புத் தட்டைக் காலி செய்து, கெட்டியாகத் தேங்கிய கொழுப்பைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். இதை மறந்து நெருப்பு மூட்டினால் தேங்கிய கொழுப்பு தீப்பற்றி, அடுப்புக்கு மேலே கொழுந்து விட்டு எரியும். அதன் பிறகு நிறையக் கரி போட்டு, காற்றுத் துளைகளைத் திறந்து வைத்து, மூடியை மூடி 20 முதல் 30 நிமிடம் எரியவிடுங்கள். கேஸ் கிரில் என்றால் இதே நேரம் முழுச் சூட்டில் வைக்கலாம். மூடியிலுள்ள வெப்பமானி 250 டிகிரி செல்சியஸ் வரை ஏறினால் போதும்.

மழை தூறுகிறதே என்று இந்த வேலையை மாடிப்படி அறைக்குள்ளோ, அடைத்த கார் ஷெட்டுக்குள்ளோ வைத்துச் செய்யவே கூடாது. எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வெளிவருகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலை சுற்றுகிறது என்று உணர்வதற்குள் ஆள் மயங்கிவிடக்கூடும். அணைந்தது போலத் தெரியும் கரியும் இந்த வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும் என்பதால், வேலை முடிந்ததும் அடுப்பை வீட்டுக்குள் தூக்கி வைப்பதும் ஆபத்து.

சூடு தணிந்து வெதுவெதுப்பாக இருக்கும்போது கம்பியைத் தேய்க்க வேண்டும். எதைக் கொண்டு தேய்ப்பது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கடைகளில் கிரிலுக்கென்றே கம்பி பிரஷ் விற்கிறார்கள். அதன் மெல்லிய கம்பி முள் உடைந்து கிரிலில் ஒட்டிக்கொண்டு, இறைச்சியோடு வயிற்றுக்குள் போவது உண்டு. 2012-இல் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி வெளியிட்ட அறிக்கை ஒன்று, ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் இப்படிக் கம்பி முள்ளை விழுங்கிய 6 பேரைப் பற்றிச் சொல்கிறது. சிலருக்குத் தொண்டையில் குத்தியிருந்தது. சிலருக்குக் குடலைத் துளைத்து அறுவை சிகிச்சை வரை போனது. மீன் முள்ளைப் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்து வளர்க்கும் நம் பிள்ளைகளுக்கு, கண்ணுக்குத் தெரியாத இரும்பு முள்ளை ஊட்டுவானேன்? நம் ஊரில் தேங்காய் நாருக்குப் பஞ்சமில்லை. கசக்கி உருட்டிய அலுமினிய ஃபாயிலும் நன்றாக வேலை செய்யும். இரும்புக் கம்பி பிரஷ்தான் இருக்கிறது என்றால், தேய்த்த பின் ஈரத் துணியால் கம்பியை முழுக்கத் துடைத்து, வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள்.

தேய்த்த பிறகு வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள். விடாப்பிடியான இடங்களில் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பூசி, அரை மணி நேரம் கழித்துத் தேய்க்கலாம். பிளீச்சிங் பவுடர் வேண்டாம். அது இரும்பை அரிக்கும். அதைவிட முக்கியம், பிளீச்சிங் பவுடரோடு வினிகரோ கழிவறை கழுவும் ஆசிட்டோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பி நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். நம் வீடுகளில் இவை எல்லாம் ஒரே அலமாரியில்தான் இருக்கின்றன.

கழுவியதை ஈரத்தோடு மூடாமல் வெயிலில் காய வைத்து, மீண்டும் ஒரு 15 நிமிடம் நெருப்பு மூட்டிச் சூடேற்றினால் மூட்டுகளில் தங்கிய ஈரமும் போய்விடும். வார்ப்பிரும்புக் கம்பியாக இருந்தால் தோசைக்கல்லுக்குச் செய்வது போல ஒரு துளி எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லிதாகத் தடவலாம். வழிய வழியத் தடவினால் அதுவே அடுத்த பூஞ்சைக்குத் தீனி.

கேஸ் கிரில் வைத்திருப்பவர்கள் மாதக்கணக்கில் கிடந்த அடுப்பைப் பற்ற வைக்குமுன் பர்னர் குழாய்க்குள் சிலந்தி வலை, குளவிக்கூடு இருக்கிறதா என்று பாருங்கள். அடைப்பு இருந்தால் கேஸ் வேறு வழியில் வெளியேறித் தீப்பிடிக்கும். ரப்பர் குழாயில் சோப்பு நீர் தடவி, குமிழி வருகிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

மறுபடி பூஞ்சை வராமல் இருக்க, சாப்பாடு முடிந்த அன்றே கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும். இறைச்சியை எடுத்ததும் மிச்சச் சூட்டில் மூடியை மூடி வைத்து, ஒட்டியவை கருகியதும் சுரண்டிவிடலாம். கொழுப்புத் தட்டை அன்றே கழுவ வேண்டும். சாம்பலை மட்டும் நன்றாக ஆறிய பின் அள்ளுங்கள். உள்ளே கங்கு ஒரு நாளுக்கு மேலும் கனன்றுகொண்டிருக்கலாம். ஆகவே பிளாஸ்டிக் வாளி கூடாது, தகர வாளிதான். அதற்காகச் சாம்பலை அடுப்பிலேயே விட்டுவைக்கவும் கூடாது. ஈரம் பட்ட சாம்பல் காரமாகி, அடிப்பாகத்தை அரித்து ஓட்டை போட்டுவிடும்.

அடுப்பு முழுவதும் ஆறிய பிறகே உறை போடுங்கள். கால்களுக்கு அடியில் செங்கல் கொடுத்து, உறையின் கீழ்ப்பக்கம் காற்று நுழைய இடம் விடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெயிலில் திறந்து வையுங்கள். ஐப்பசி பிறக்கும் முன் கம்பிகளைக் கழற்றிக் காய வைத்து, செய்தித்தாளில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டால் பாதி வேலை மிச்சம்.

வளைகுடாவில் இருப்பவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். அங்கே மழை குறைவு. ஆனால் கடலோர நகரங்களில் கோடைப் புழுக்கம் அதிகம். கோடை முழுவதும் பால்கனியில் மூடிக் கிடந்த அடுப்பை நவம்பரில் பாலைவன முகாமுக்குத் தூக்கிப் போகுமுன், வீட்டிலேயே ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்வது உத்தமம். பூங்காக்களிலுள்ள பொது அடுப்புகளில் முந்தைய ஆள் என்ன சுட்டார், எப்போது கழுவினார் என்று தெரியாது. நன்றாக எரித்துத் துடைத்து, மேலே அலுமினிய ஃபாயில் விரித்துச் சுடலாம்.

எவ்வளவு தேய்த்தாலும் மரக் கைப்பிடிக்குள் ஊறிய பூஞ்சை மறுபடி மறுபடி வரும். உப்புக் காகிதத்தால் தேய்த்தும் போகவில்லை என்றால் கைப்பிடியை மாற்றிவிடுங்கள். மேல் பூச்சு உரிந்து போன கம்பித்தட்டையும் மாற்றுவதே நல்லது. உரிந்த சில்லு உணவில் சேரும். கரி தாங்கும் அடித்தட்டில் துருவேறி ஓட்டை விழுந்திருந்தால் அந்த அடுப்பைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாம். கனன்ற கரி ஓட்டை வழியே தரையில் விழ, பக்கத்தில் பிள்ளைகள் வெறுங்காலோடு நின்றுகொண்டிருப்பார்கள்.