சிறுநீரில் இரத்தமும் காந்தப் படமும்

சிறுநீரில் வலியில்லாமல் இரத்தம் வந்து, மறுநாள் தானாக நின்றுவிட்டால், "உடல் சூடு" என்று விட்டுவிடாதீர்கள். கல்லோ கிருமியோ காரணமாகலாம். சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமாகவும் இருக்கலாம். புகைபிடிப்போருக்கு இந்நோய் அதிகம்.

மருத்துவர் மெல்லிய குழாய்க் கருவியால் பைக்குள் பார்ப்பார். கட்டி இருந்தால் சதைத் துணுக்கெடுத்துச் சோதிப்பார். அது பையின் தசைச் சுவரில் இறங்கியுள்ளதா என்று காட்ட எம்.ஆர்.ஐ. படம் உதவும். 2018இல் வகுத்த முறைப்படி, அந்த வாய்ப்பை 1 முதல் 5 வரை எண்ணிட்டுச் சொல்வார்கள். மேலோடு இருந்தால் குழாய் வழியாகவே சுரண்டி எடுக்கலாம். ஆழமானால் பையையே அகற்ற நேரலாம்.

இதில் எக்ஸ்ரே கதிர் இல்லை. காந்தமும் வானொலி அலையுமே வேலை செய்கின்றன. உடலில் இதயக் கருவியோ உலோகமோ இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். இரத்தம் நின்றாலும் கிளினிக்குக்குப் போக மறவாதீர்கள்.