குளத்தில் ஓடும் எம்டன்

‘அவன் சரியான எம்டன்!’ என்று வீட்டில் பெரியவர்கள் யாரையாவது சொல்லக் கேட்டிருப்பீர்கள். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1914 செப்டம்பர் 22 அன்று இரவு ‘எம்டன்’ என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தை நெருங்கி வந்து குண்டு வீசியது. கரையோரத்து எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. வந்த சுவடு தெரியாமல் கப்பல் இருளில் மறைந்துவிட்டது. அன்று முதல் துணிச்சலும் தந்திரமும் உள்ளவருக்குத் தமிழில் அதுவே பெயராயிற்று.

அந்த எம்டனைச் சிதறால் குளத்தில் மிதக்கவிட்டால் என்ன என்று என் மாணவர்கள் கேட்டார்கள். சிதறால், குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள எங்கள் ஊர். சமண முனிவர்கள் வாழ்ந்த குடைவரையும் தீர்த்தங்கரர் சிற்பங்களும் உள்ள மலையை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். மலை உச்சியிலும் ஒரு சுனை உண்டு. ஆனால் அது பாதுகாக்கப்பட்ட இடம். அங்கே விளையாடக் கூடாது. நாங்கள் இறங்கியது ஊர்க் குளத்தில். எங்கள் முதல் எம்டன் ஒரு நிமிடம்கூட ஓடவில்லை. அது ஏன் கவிழ்ந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் சிலர் ஒரு வினோதப் போட்டியைத் தொடங்கினார்கள். உண்மையான போர்க்கப்பல்களை 144-ல் 1 பங்காகக் குறைத்து மாதிரிகள் செய்வார்கள். ரேடியோ மூலம் அவற்றைக் குளத்தில் ஓட்டுவார்கள். கப்பலுக்குள் இருக்கும் அழுத்த வாயு சிறு எஃகுக் குண்டுகளை எய்யும். கப்பலின் பக்கங்கள் மெல்லிய பால்சா மரத் தகட்டால் ஆனவை. குண்டு பட்டால் ஓட்டை விழும், நீர் புகும், கப்பல் மூழ்கும். பிறகு அதை எடுத்து, ஓட்டையை ஒட்டி, அடுத்த போருக்குத் தயார் செய்வார்கள். நம் நாட்டில் என்.சி.சி. கடற்படைப் பிரிவு மாணவர்களுக்குக் கப்பல் மாதிரி செய்யும் போட்டி உண்டு. ஆனால் குண்டு எய்யும் போட்டி அதில் இல்லை. இல்லாதது நல்லதே. எஃகுக் குண்டு கண்ணில் பட்டால் கண் போய்விடும். எனவே நாங்கள் பீரங்கியை விட்டுவிட்டு ஓட்டையை மட்டும் வைத்துக்கொண்டோம். அதை எப்படிச் செய்தோம் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. உண்மையான எம்டனின் நீளம் 118.3 மீட்டர், அகலம் 13.5 மீட்டர். நீருக்குள் அமிழும் ஆழம் சுமார் 5.5 மீட்டர். ஒவ்வொன்றையும் 144-ஆல் வகுத்தால் நமது மாதிரி 82 செ.மீ. நீளமும் 9.4 செ.மீ. அகலமும் இருக்கும், நீருக்குள் 3.8 செ.மீ. ஆழம் அமிழும். எடை என்ன? இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். நீளம், அகலம், ஆழம் மூன்றுமே 144 மடங்கு குறைவதால் கன அளவு 144 × 144 × 144 மடங்கு, அதாவது ஏறக்குறைய 30 லட்சம் மடங்கு குறைகிறது. முழுச் சுமையுடன் எம்டனின் எடை 4,268 டன். நமது மாதிரி 1 கிலோ 430 கிராம்தான் இருக்கலாம். ஆர்க்கிமிடீஸ் விதிப்படி இதற்கு மேல் ஒரு கிராம் ஏற்றினாலும் கப்பல் அதற்கேற்பத் தாழும். ஆகவே ஒரு தராசைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

வேகத்துக்கு வேறு கணக்கு. வில்லியம் ஃபுரூட் என்ற ஆங்கிலப் பொறியாளர் 19-ஆம் நூற்றாண்டில் மாதிரிக் கப்பல்களை நீண்ட நீர்த்தொட்டியில் இழுத்துப் பார்த்து, வேகம் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்துக் குறைய வேண்டும் என்று கண்டார். 144-இன் வர்க்கமூலம் 12. எம்டனின் வேகம் நொடிக்கு 12 மீட்டர் (23½ நாட்). எனவே மாதிரியின் வேகம் நொடிக்கு 1 மீட்டர். இந்த வேகத்தில் ஓடினால், கப்பலின் முன்னால் எழும் அலையும் உண்மையான கப்பலின் அலையைப் போலவே தோன்றும். பெரிய மோட்டாரை மாட்டிப் பறக்கவிட்டால் அது போர்க்கப்பலாக இராது, விசைப்படகு பொம்மையாக இருக்கும். என் மாணவர்களுக்கு இது பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி உடற்கூடு. 3 மி.மீ. பிளைவுட்டில் அடிமரமும் அதன் குறுக்கே விலா எலும்புகள் போன்ற சட்டங்களும் வெட்டி, எபாக்சி பசையால் ஒட்டினோம். மேலே பால்சாத் தகடு, அதன்மேல் மூன்று பூச்சு வார்னிஷ். நம் மீனவர்கள் படகின் முன்பக்கத்தை ‘அணியம்’ என்றும் பின்பக்கத்தை ‘அமரம்’ என்றும் சொல்வார்கள். அருமையான சொற்கள், நாமும் பயன்படுத்துவோம். அமரத்தில் இரண்டு பித்தளைக் குழாய்கள். அவற்றின் வழியே இரண்டு அச்சுகள், நுனியில் இரண்டு புரொப்பெல்லர்கள். குழாய்க்குள் கிரீஸ் அடைத்துவிட்டால் நீர் உள்ளே வராது. மூன்று புகைபோக்கிகளும் அட்டைச் சுருள். பத்து பீரங்கிகளும் தீர்ந்துபோன பால்பாயிண்ட் ரீஃபில். மீதி எடைக்கு, குளச்சலில் வாங்கிய வலை ஈயத்தை அடியில் கிடத்தினோம்.

ரேடியோ பகுதியைச் சுருக்கமாகவே சொல்கிறேன். அது கடையில் கிடைக்கிறது. கம்பியில்லாமல் தொலைவிலுள்ள பொருளை இயக்குவது புதிதல்ல. 1895-இல் ஜகதீஷ் சந்திர போஸ் கல்கத்தாவில், சுவர்களை ஊடுருவிச் செல்லும் மின்காந்த அலைகளால் மணியை ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தார். 1898-இல் நிக்கோலா டெஸ்லா நியூயார்க்கில் ஒரு தொட்டியில் சிறு படகை ரேடியோ அலைகளால் ஓட்டிக் காட்டினார். இன்றைய கருவியில் உங்கள் கைப்பெட்டி நொடிக்குப் பல முறை சுக்கானின் நிலையைக் கப்பலுக்கு அனுப்புகிறது. கப்பலில் உள்ள ஏற்பி அதைச் சிறு மின்துடிப்பாக மாற்றி ‘சர்வோ’ என்னும் குட்டி மோட்டாருக்குக் கொடுக்கிறது. துடிப்பு 1.5 மில்லிநொடி நீடித்தால் சுக்கான் நேராக நிற்கும். 1 மில்லிநொடி என்றால் ஒரு பக்கம், 2 என்றால் மறுபக்கம். இதில் நீங்கள் மறக்கக் கூடாதது ஒன்று: 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும். எனவே ஏற்பியின் ஆன்டெனா நீர்மட்டத்துக்கு மேலே, பாய்மரக் கம்பத்தில் இருக்கட்டும்.

இப்போது போட்டிக்கு வருவோம். கப்பலின் பக்கங்களில் நீர்மட்டத்துக்கு 2 செ.மீ. கீழே, 4.5 மி.மீ. விட்டமுள்ள துளைகள் இட்டு, தக்கையால் அடைத்தோம். சீட்டுக் குலுக்கியதில் எந்த எண் வருகிறதோ அத்தனை தக்கைகளைப் பிடுங்கிவிட்டுக் குளத்தை மூன்று சுற்று சுற்றி வர வேண்டும். இதுதான் எங்கள் போர்!

ஒரு துளை வழியாக எவ்வளவு நீர் வரும்? டாரிசெல்லி விதிப்படி 2 செ.மீ. ஆழத்தில் நீர் நொடிக்கு 63 செ.மீ. வேகத்தில் பாய வேண்டும். துளையின் பரப்பு 0.16 சதுர செ.மீ. தாரை குறுகுவதால் ஏறக்குறைய 0.6-ஆல் பெருக்க வேண்டும். நொடிக்கு 6 கன செ.மீ. என்று விடை வருகிறது. நிமிடத்துக்கு 360 கிராம். கப்பலின் எடையில் கால் பங்கு.

முதல் நாள் சீட்டில் வந்தது ஒன்று. ஒரு தக்கையைப் பிடுங்கிக் கப்பலை விட்டோம். 40 நொடி ஆகியிருக்கும். உள்ளே சென்ற நீர் 240 கிராம். அதனால் கப்பல் அரை சென்டிமீட்டர்கூடத் தாழ்ந்திருக்காது. முதல் திருப்பத்தில் சற்றே சாய்ந்தது. சாய்ந்தது நிமிரவில்லை. அப்படியே குப்புறக் கவிழ்ந்துவிட்டது. மூழ்கும் என்று எதிர்பார்த்தோம். கவிழும் என்று யாரும் நினைக்கவில்லை, நான் உட்பட.

படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார் ஒரு மாணவனின் பாட்டா. முட்டத்தில் நெடுங்காலம் கடலுக்குப் போனவர். அவர் பேரனிடம் சொன்னார்: “மக்கா, கட்டுமரத்துல வெள்ளம் கேறும், நிக்காது. ஒனக்க கப்பல்ல கேறுன வெள்ளம் அங்கயும் இங்கயும்லா ஓடுது!”

அவர் சொன்னதையே கணக்கில் பார்ப்போம். கப்பல் வலப்பக்கம் சாய்ந்தால் உள்ளே இருக்கும் நீரும் வலப்பக்கம் ஓடும். அந்த எடை கப்பலை மேலும் சாய்க்கும். சாயச்சாய இன்னும் நீர் ஓடும். இடம் மாறும் நீர் ஆப்பு வடிவமானது. அதன் அளவு, நீர் பரவியிருக்கும் அகலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அது நகரும் தூரமோ அகலத்தைப் பொறுத்தது. இரண்டையும் பெருக்கினால், கவிழ்க்கும் ஆற்றல் அகலத்தின் கனத்தைப் பொறுத்தது என்றாகிறது. தண்ணீர் எவ்வளவு என்பதைவிட எவ்வளவு அகலத்தில் பரவி நிற்கிறது என்பதே இங்கு முக்கியம்! ஒரு தட்டில் சிறிது நீர் ஊற்றி, சிந்தாமல் நடந்து பாருங்கள். பிறகு அதே நீரைத் தம்ளரில் ஊற்றி நடந்து பாருங்கள்.

இது குளத்து விளையாட்டில் மட்டும் நடப்பதல்ல. 1987 மார்ச் 6 அன்று பெல்ஜியத்தின் ஸீபுருக் துறைமுகத்திலிருந்து ‘ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்’ என்ற பயணிக் கப்பல் அணியத்தின் கதவுகளை மூடாமலே புறப்பட்டது. கார்கள் நிற்கும் தளம் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை தடுப்பே இல்லாத திறந்த வெளி. அதில் நீர் புகுந்து பரவியது. துறைமுகத்தை விட்டுச் சில நிமிடங்களிலேயே கப்பல் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. 193 பேர் இறந்தார்கள்.

நடுவில் நீளவாக்கில் ஒரு சுவர் எழுப்பினால் என்ன என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. அகலம் பாதியானால் ஒவ்வொரு பாதியிலும் விளைவு எட்டில் ஒன்று; இரண்டும் சேர்ந்து நாலில் ஒன்று. ஆனால் ஓட்டை ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் நீர் அந்தப் பக்கமே தங்கி, கப்பல் நிரந்தரமாகச் சாய்ந்துவிடும். ஆகவே கட்டுமரத்தின் வழியையே பின்பற்றினோம். நீர் தங்க இடமிருந்தால்தானே ஓடும்? இரு பக்கமும் தெர்மோகோல் துண்டுகளைச் செதுக்கி அடைத்து, நடுவில் 3 செ.மீ. அகலத்தில் ஒரு வாய்க்கால் மட்டும் விட்டோம். அகலம் மூன்றில் ஒன்று. கவிழ்க்கும் விளைவு 27-ல் ஒன்று! வாய்க்காலின் தாழ்ந்த முனையில், மேசை நீரூற்றுக்குப் போடும் சிறு பம்பு. அது மணிக்கு 120 லிட்டர் இறைக்கும் என்று எழுதியிருந்தது. பாட்டிலில் பிடித்து அளந்தபோது நொடிக்கு 20 கன செ.மீ.தான் வந்தது. மூன்று ஓட்டைக்குப் போதும்; நான்கு என்றால் பம்பு தோற்கும்.

செய்து பார்க்க விரும்பும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. கப்பல் மூழ்கினால் குளத்தில் குதிக்காதீர்கள். தூண்டில் நரம்பின் ஒரு முனையைக் கப்பலிலும் மறுமுனையை ஒரு தக்கையிலும் கட்டிவிடுங்கள். மூழ்கிய இடத்தில் தக்கை மிதக்கும். கழியால் நரம்பை இழுத்துக் கரையிலிருந்தே எடுத்துவிடலாம்.

இரண்டாவது எம்டன் ஒரு ஓட்டையுடன் ஓடியது, இரண்டுடன் ஓடியது, மூன்றுடனும் ஓடியது. அடுத்த வாரம் சீட்டில் நான்கு வந்தது. முதல் இரண்டு சுற்றில் கப்பல் மெல்லத் தாழ்ந்தது, ஆனால் சாயவில்லை. மூன்றாம் சுற்றில் ஏதோ ஓர் இலை பம்பை அடைத்துக்கொண்டது, நீர்த்தாரை நின்றுவிட்டது. கைப்பெட்டியை வைத்திருந்த பையன் ஒரு கணம் யோசித்தான். பிறகு சுக்கானைத் திருப்பி, முழு வேகத்தில் கப்பலைக் கரையை நோக்கி ஓட்டி, கடைசிப் படிக்கல்லின் மேல் ஏற்றி நிறுத்தினான். 1914 நவம்பர் 9 அன்று, கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியக் கப்பல் ‘சிட்னி’யின் குண்டுகளால் சிதைந்த எம்டனை, அதன் தலைவர் முல்லர் மூழ்கவிடாமல் தரைதட்டச் செய்ததும் இப்படித்தான். எங்கள் விதிகளில் தரைதட்டுவதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அது வெற்றியா தோல்வியா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.